தேங்கும் நீரே தேக்கைத் தின்னும்

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது பழமொழி. திருக்கோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி வாழும் நாம் அந்தப் பழியைப் பெரும்பாலும் கடலின் தலையிலேயே சுமத்திவிடுகிறோம். யன்னற் கம்பி துருப்பிடித்தால் உப்புக் காற்றின் வேலை. சுவரிற் பூசிய சாந்து உதிர்ந்தால் உப்புக் காற்றின் வேலை. விறாந்தைக்கு முன்னே ஆசையோடு போட்ட பலகைத் தளம் ஐந்தாறு ஆண்டுகளில் உக்கிப்போனால் அதுவும் உப்புக் காற்றின் வேலை. முதல் இரண்டு குற்றச்சாட்டுகளிலும் நியாயம் உண்டு. மூன்றாவதிலோ கடல் ஏறக்குறைய நிரபராதி.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளிலும், துறைமுகத்தை நோக்கிய வீடுகளின் முற்றங்களிலும், தோணிகள் அணையும் சிறு இறங்குதுறைகளிலும் மரப்பலகைத் தளங்களைக் காண்கிறோம். வெயில் தணிந்த மாலையில் அவற்றின்மேல் உட்கார்ந்து கடலைப் பார்ப்பது இன்பமே. ஆனால் உக்கிய பலகை வெளியே சொல்லிக்கொண்டு உக்குவதில்லை. மேலே நிறம் மாறாமல் இருக்கும், அடியிலே பஞ்சாகியிருக்கும். ஒருநாள் மூத்தோர் ஒருவரின் ஊன்றுகோலோ, ஓடி விளையாடும் குழந்தையின் காலோ அதற்குள் இறங்கும்போதுதான் செய்தி வெளிவரும். ஆகவே தளத்தைப் பேணுவது அழகுக்காக மட்டும் செய்யும் காரியமன்று.

மரத்தை உண்பவர் யார்?

மரம் தானாக உக்குவதில்லை. பூசணம் என்னும் நுண்ணுயிர் அதைத் தின்கிறது. அதன் வித்துகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. அவற்றை வராமல் தடுக்க எவராலும் இயலாது. அது வாழ உணவு, காற்று, வெப்பம், நீர் ஆகிய நான்கும் வேண்டும். உணவு மரமே. காற்றும் வெப்பமும் நம் ஊரில் ஆண்டு முழுவதும் தாராளம். நம் கைக்குள் அடங்கக்கூடியது நான்காவதாகிய நீர் ஒன்றுதான்.

எவ்வளவு நீர்? இதிலேதான் சூட்சுமம் இருக்கிறது. முற்றாக உலர்ந்த மரத்தின் எடை 100 பங்கு என்று கொள்வோம். அதற்குள் உள்ள நீர் 20 பங்குக்குக் குறைவாக இருக்கும்வரை பூசணம் தலைதூக்க முடியாது. 28, 30 பங்கை எட்டும்போது அதற்கு விருந்து. இனி நம் கடற்கரைக் காற்றை எடுத்துக்கொள்வோம். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 80 ஆக நீடித்தாலும், அந்தக் காற்றிலிருந்து மட்டும் மரம் பெறக்கூடிய நீர் ஏறத்தாழ 16 பங்குதான். அதாவது, ஈரக் காற்று எவ்வளவுதான் வீசினாலும் அது தனியே மரத்தை உக்க வைப்பதில்லை. எல்லையைத் தாண்டச் செய்வது வேறொன்று. பலகைகளின் இடுக்கிலும் ஆணித் துளையிலும் பூச்சாடியின் அடியிலும் தங்கி நிற்கும் மழைநீரே அது.

கடல்நீரிலும் மழைநீரே மரத்துக்குக் கெடுதல் என்றால் பலர் வியப்படைவர். மீனைக் கருவாடாக்கிக் காப்பது எதுவோ அதுவே மரத்தையும் ஓரளவு காக்கிறது. உப்பு மிகுந்த இடத்தில் பூசணம் எளிதில் வளராது. முற்காலத்துப் போர்க்கப்பல்களில் அதிகாலையிலே மாலுமிகள் முழந்தாளிட்டு, மணற்கல்லால் தளத்தைத் தேய்த்துக் கடல்நீரை வாரி ஊற்றிக் கழுவினார்கள். அமெரிக்கக் கப்பற்றச்சர்கள் கப்பலின் விலாச் சட்டங்களுக்கு இடையே உப்பையே கொட்டி நிரப்பி வைத்தார்கள். வீட்டுத் தளத்தில் உப்புநீரை ஊற்றலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைக்கும், ஆணிகளையும் அரிக்கும். மரத்துக்கு உண்மையான பகை எது என்பதை அறிந்துகொள்வதற்காகவே இதைச் சொல்கிறேன்.

நம் ஊரின் பெயர் தாங்கிய கப்பல்

இந்த உண்மைக்குச் சான்றாக, நம் ஊரின் பெயரையே தாங்கி இன்றும் மிதக்கும் ஒரு கப்பல் இருக்கிறது. 'திரிங்கோமலி' என்னும் அந்தப் போர்க்கப்பலைக் கட்டும்படி 1812 ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கடற்படை உத்தரவிட்டது. அதன் வரைபடங்களை ஏற்றிவந்த 'ஜாவா' என்னும் கப்பல் அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்கரின் 'கொன்ஸ்டிடியூஷன்' கப்பலோடு பொருது அழிந்துபோனது. வேறு வரைபடங்கள் வந்து சேர்ந்த பின்னர், 1816 இல் பம்பாயிலே வேலை தொடங்கியது. கப்பல் கட்டுவதில் தலைமுறை தலைமுறையாகப் புகழ்பெற்ற பார்சி வாடியா குடும்பத்தவரான ஜம்சேத்ஜி பொமன்ஜி வாடியா அதற்குத் தலைமை தாங்கினார். தம் மரபின்படி அடிமரத்தில் வெள்ளி ஆணி ஒன்றை அறைந்து வேலையைத் தொடங்கினார்கள். 1817 ஒக்டோபர் 12 இல் கப்பல் நீரில் இறங்கியது. மறு ஆண்டு இங்கிலாந்து நோக்கிச் சென்ற முதற் பயணத்தில் அது நம் துறைமுகத்தையும் தொட்டுச் சென்றது.

அக்கப்பலின் மரம் மலையாளக் கரையின் தேக்கு. ஆங்கிலேயர் தம் நாட்டு ஓக்கு மரத்தை விட்டு நம் பக்கத்துத் தேக்கை நாடியதற்கு நெப்போலியன் காலத்துப் போர்களால் ஏற்பட்ட ஓக்குப் பஞ்சம் ஒரு காரணம். தேக்கின் குணம் மற்றொரு காரணம். தேக்கினுள் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. பூசணமும் கறையானும் அதை எளிதில் அண்டா. ஓக்கிலுள்ள துவர்ப்புச் சத்து இரும்பாணியை அரித்துவிடும். தேக்கு அவ்வாறு செய்வதில்லை.

இதற்கு நேர்மாறான கதையையும் கேளுங்கள். 1810 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் 'குயின் சார்லட்' என்னும் பெரிய போர்க்கப்பல் நீரில் இறக்கப்பட்டது. அது போருக்குப் புறப்படுமுன்னரே, ஓர் ஆண்டுக்குள், உள்ளெல்லாம் பூசணம் பிடித்து உக்கிக் கிடந்தது. பீரங்கிக் குண்டு ஒன்றேனும் படவில்லை, புயல் தாக்கவில்லை. ஈரம் காயாத பச்சை மரத்தைக் காற்றோட்டமின்றி அடைத்து வைத்ததே வினையாயிற்று. ஜேம்ஸ் சோவர்பி என்னும் இயற்கை நூலறிஞரை அழைத்து அங்கே வளர்ந்த பூசண வகைகளை ஆராயச் செய்தார்கள்.

'திரிங்கோமலி' இங்கிலாந்தைச் சேர்ந்தபோது போர் முடிந்திருந்தது. வேலையில்லாத கப்பலைப் பாய்மரம் கழற்றி ஏறக்குறைய கால் நூற்றாண்டு துறையிலே கட்டிப்போட்டார்கள். அக்காலத்தில் அவ்வாறு கட்டிப்போடும் கப்பல்களுக்குத் தளத்தின்மேலே மரக்கூரை ஒன்று வேய்வது வழக்கம். மழைநீர் தளத்தின் வழியே உள்ளே இறங்காதபடி காப்பதே அதன் நோக்கம். இதே வகுப்பைச் சேர்ந்த 'யூனிகோர்ன்' என்னும் கப்பல் 1824 இல் இறக்கப்பட்டது. அது இன்று ஸ்கொத்லாந்தின் டண்டீ நகரில் அந்தப் பழைய கூரையோடேயே மிதக்கிறது. நம் ஊர்ப்பெயர் கொண்ட கப்பலோ பின்னர் கடலோடி, பயிற்சிக் கப்பலாகி, 'பூத்ரோயன்' என்று பெயர் மாறி, 1986 வரை இளைஞருக்குக் கடற்கலை பயிற்றியது. 1987 இல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டது. 1992 இல் பழைய பெயரைத் திரும்பப் பெற்றது. 2001 இல் அந்தப் பெரும்பணி நிறைவேறியது. இருநூறு ஆண்டு கடந்த அதன் உடலில் பம்பாயில் இழைத்த தேக்கு இன்னும் இருக்கிறது.

அட்மிரல் நெல்சனின் 'விக்டரி' கப்பலின் நிலையோ வேறு. அது 1922 முதல் போட்ஸ்மத் நகரின் உலர்துறையில், கடல்நீர் தீண்டாத இடத்தில், மரியாதையோடு நிற்கிறது. ஆயினும் மழைநீர் தளங்களின் வழியே இறங்கி இறங்கி மரங்களை உக்க வைத்தது. 2022 இல் தொடங்கிய பெரும் பழுதுபார்ப்பு வேலைக்குப் பத்து ஆண்டுக் காலம் திட்டமிட வேண்டியதாயிற்று. கடலில் மிதந்தபோது வந்த கேட்டைவிடக் கரையில் ஓய்ந்திருந்தபோது வந்த கேடு சிறிதன்று.

நம் காட்டு மரமும் ஆணியில்லாப் படகும்

கப்பலுக்கு மட்டுமன்றி ஒரு மரத்துக்கும் நம் ஊரின் பெயர் உண்டு. சிங்களத்தில் ஹல்மில்ல என்றும், தமிழில் சாவண்டலை, சமண்டலை என்றும் வழங்கும் மரத்தை ஆங்கில வணிகர் 'திருக்கோணமலை மரம்' என்றே அழைத்தனர். அதன் இனத்துக்குச் சென்னையில் மருத்துவராயிருந்த அண்ட்ரூ பெரி என்பவரின் பெயரால் 'பெரியா' என்று தாவரநூலார் பெயரிட்டனர். வலிமையும் வளையும் தன்மையும் சேர்ந்த அம்மரம் பீப்பாய்க்கும் வண்டிக்கும் படகுக்கும் உதவியது.

சென்னைக் கரையில் துறைமுகம் அமையாத காலத்தில், பேரலைகளுக்கூடாகக் கப்பற் சரக்கைக் கரைசேர்த்த மசூலாப் படகுகளுக்கு இந்த மரத்தைப் பயன்படுத்தினார்கள். அந்தப் படகுகளில் இரும்பாணி கிடையாது. பலகைகளைத் தென்னந் தும்புக் கயிற்றால் தைத்து இணைத்தார்கள். அலை அறையும்போது படகு வளைந்து கொடுத்ததே ஒழிய உடையவில்லை. கடற்கரையில் மரவேலை செய்வோர் ஆணியைப் பற்றி இருமுறை சிந்திக்க வேண்டும் என்னும் பாடம் இதிலே இருக்கிறது. இரும்பாணி உப்புக் காற்றில் துருவேறிப் பருக்கும், மரத்தைப் பிளக்கும், பிளவில் மழைநீர் இறங்கும், அங்கே பூசணம் குடியேறும். கடற்காற்று மரத்தை நேரே கெடுக்காவிட்டாலும் ஆணியின் வழியாகக் கெடுக்கிறது. ஆகவேதான் அதனை ஏறக்குறைய நிரபராதி என்றேன்.

மாரியும் கச்சானும்

நம் ஊரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையிலான மாரிகாலத்திலே கொட்டிவிடுகிறது. பின்னர் வைகாசி தொடக்கம் கச்சான் காற்று வறட்சியாய் வீசி மண்ணையும் மரத்தையும் உலர்த்துகிறது. மரம் மாரியில் பருத்துக் கோடையில் சுருங்கும். ஆறு அங்குல அகலமுள்ள தேக்குப் பலகை ஓர் ஆண்டுக்குள் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் அகலம் கூடிக் குறையலாம். சிறிய அளவுதான். ஆனால் இருபது பலகைகளை இடைவெளியின்றி நெருக்கி அடித்துவிட்டால் மாரியில் அவை ஒன்றையொன்று தள்ளி மேலெழும். கச்சானில் ஆணி இளகும்.

இங்கேதான் கப்பற் தளமும் வீட்டுத் தளமும் வேறுபடுகின்றன. கப்பற் தளம் கீழேயுள்ள அறைகளுக்குக் கூரை. ஆகவே பலகை இடுக்குகளில் பஞ்சும் கயிற்றுத் தும்பும் திணித்துக் கீலை உருக்கி வார்த்து அடைத்தார்கள். கலப்பற்று என்று நம்மவர் வழங்கிய தொழில் இதுவே. வீட்டுத் தளத்தின் கீழே இருப்பது வெறும் மண். அங்கே இடுக்கை அடைப்பது பெருந்தவறு. பலகைக்கும் பலகைக்கும் இடையே ஐந்தாறு மில்லிமீற்றர் திறந்திருக்க வேண்டும். கப்பலில் நீர் புகாதபடி செய்தார்கள். வீட்டில் புகுந்த நீர் உடனே போகும்படி செய்ய வேண்டும். இரண்டிலும் கருத்து ஒன்றே: நீர் தங்கலாகாது.

செய்ய வேண்டியவை

புதிதாகத் தளம் போடுவோர் முதலில் மரத்தின் வைரத்தைப் பார்க்க வேண்டும். எந்த மரமாயினும் ஓரத்து வெள்ளைப் பகுதி பூசணத்துக்கு இரை. தேக்கின் வெள்ளையும் இதற்கு விலக்கன்று. பலகை நன்றாய்க் காய்ந்ததாக இருத்தல் வேண்டும். தாங்கும் கால்களை மண்ணில் நேரே புதைக்காமல் கொங்கிறீற்றுக் கட்டையின்மேல் நிறுத்தினால் ஈரமும் கறையானும் ஏறுவது குறையும். தளத்துக்கும் நிலத்துக்கும் இடையே ஒன்றரை அடியாவது காற்றோட்டம் இருக்கட்டும். அழகு கருதி அதன் பக்கங்களை மூடிவிடாதீர்கள். பலகையின் வெட்டுமுனை, அதன் முகத்தைவிடப் பல மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும். ஆகவே அறுத்த உடனேயே அம்முனைக்கு மெழுகோ தாரோ பூசிவிட வேண்டும். திருகாணிகள் கடற்கரைக்கேற்ற 316 என்னும் தரத்துத் துருவேறா உருக்காகவோ வெண்கலமாகவோ இருக்கட்டும். விலை கூடுதல்தான், ஆனால் ஆணியில் மிச்சம் பிடித்த காசு பலகையில் போய்விடும்.

தளம் ஏற்கெனவே உள்ளவர்கள் ஆண்டுக்கு இருமுறை, மாரிக்கு முன் செப்டெம்பரிலும் மாரி ஓய்ந்தபின் பெப்ரவரியிலும், அதைச் சோதிக்க வேண்டும். இதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. மழை விட்டு வெயில் எறித்து மூன்று மணி நேரம் கழித்துத் தளத்தைப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் வெளுத்திருக்க, எங்கே இன்னும் கறுத்து ஈரமாய் இருக்கிறதோ அங்கே வெண்கட்டியால் ஒரு கோடு இடுங்கள். அந்த இடத்தில்தான் ஏதோ ஒன்று நீரைத் தடுத்து வைத்திருக்கிறது. வேப்பஞ் சருகு இடுக்கை அடைத்திருக்கலாம். பூச்சாடியோ கால்மிதியோ அங்கே கிடந்திருக்கலாம். குளிரூட்டியின் குழாய் சொட்டிக்கொண்டிருக்கலாம். காரணத்தை நீக்குங்கள். பிறகு கூரிய குத்தூசி ஒன்றால் பலகையின் முனைகளையும் ஆணியோரங்களையும் அடிச் சட்டத்தையும் அழுத்திப் பாருங்கள். நல்ல மரம் ஊசியை எதிர்க்கும். உக்கிய மரம் உள்ளே விடும். உக்கிய பலகையை மாற்றுவதில் நாளைக் கடத்த வேண்டாம். அடிச் சட்டம் உக்கியிருந்தால் அன்றே அந்த இடத்தில் எவரும் நடக்காதபடி மறித்துவிட வேண்டும்.

கழுவுவதில் மிகை வேண்டாம். தும்புத்தடியும், மெல்லிய சவர்க்கார நீரும், பாசி பிடித்த இடத்துக்குப் பொச்சுமட்டையும் போதும். மரத்தின் ரேகைக்குக் குறுக்காகத் தேய்ப்பது நல்லது. ரேகை வழியே அழுத்தித் தேய்த்தால் மென்மையான பகுதி கரைந்து பள்ளம் விழும், பள்ளத்தில் நீர் நிற்கும். வெளிற்றுத்தூள் பாசியைக் கொல்லும்போதே மரநாரையும் கெடுக்கும். பெரும் விசையோடு நீர் பீச்சும் இயந்திரமும் அவ்வாறே.

பளபளப்பான வார்ணிஷ் பூச்சு கடற்கரைத் தளத்துக்கு ஏற்றதன்று. வெயிலில் அது வெடிக்கும். வெடிப்பில் புகுந்த நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். உள்ளே ஊறும் எண்ணெய் வகை மேலானது. அதிலும் பச்சை ஆளிவிதை எண்ணெய் ஈரமான இடத்தில் பூஞ்சணத்தைக் கூட்டித் தளத்தைக் கறுக்கச் செய்யும். தேக்குக்கு எதுவுமே பூசாமல் விட்டாலும் குற்றமில்லை. அது வெள்ளி நிறமாய் நரைக்கும். அந்த நரை நோயன்று. வெயிலாலும் மழையாலும் மேற்பரப்பு தேய்வது ஒரு நூற்றாண்டில் சில மில்லிமீற்றர் மட்டுமே. நரையைக் கண்டு அஞ்சுவோர் பலர். ஈரத்தைக் கண்டு அஞ்சுவோர் சிலர். அஞ்ச வேண்டியது ஈரத்துக்கே.

மாணவர்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரே பலகையிலிருந்து இரண்டு துண்டுகளை வெட்டுங்கள். ஒன்றை மழையிலே நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள். மற்றதை மண்ணின்மேல் படுக்க வையுங்கள். மாரி முடிந்தபின் இரண்டையும் நிறுத்து, 103 பாகை செல்சியசு வெப்பமுள்ள உலர்த்தியில் எடை மேலும் குறையாத நிலை வரும்வரை காயவிட்டு மறுபடி நிறுங்கள். 116 கிராம் துண்டு 100 கிராமாகக் காய்ந்தால் அதன் ஈரம் 16 பங்கு. படுத்துக் கிடந்த துண்டு என்ன கணக்குச் சொல்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே மழை, ஒரே மரம்; நீர் ஓடியதும் தங்கியதும்தான் வேற்றுமை.

வைரம் பாய்ந்த தேக்கோ சாவண்டலையோ பலகைக்கு ஏற்றதாக வளர ஒரு மனிதனின் ஆயுட்காலம் செல்கிறது. அதை நாம் பத்து ஆண்டில் உக்கவிட்டால் அடுத்த பலகைக்கு அடுத்த மரம் விழ வேண்டும். நம் காடு அதற்கு எத்தனை முறை ஈடுகொடுக்கும்? ஒரு மரம் காட்டிலே நின்ற அத்தனை ஆண்டுகளாவது நம் முற்றத்திலே பலகையாய்க் கிடக்க வேண்டும் என்று எண்ணுவதே நியாயம். அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டாம். மழை விட்டதும் ஒருமுறை தளத்தைச் சுற்றி வந்து, நீர் எங்கே நிற்கிறது என்று பார்த்து, அதற்கு வழிவிடும் பழக்கம் வீட்டிலுள்ளோர் யாவருக்கும் இருந்தால் போதும்.